ரத்தம் எடுப்பதற்கு முன்

சோழவந்தானில் இருக்கும் ஒருவருக்குப் பெருங்குடலில் புற்று வந்து, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ நகரத்தின் ஒரு தனியார் மருத்துவமனையிலோ அதை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தையல் ஆறி வீடு திரும்பியபின் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அவருடைய நாட்காட்டியில் மூன்று சோதனைகள் இடம்பிடிக்கும்: கொலோனோஸ்கோபி, சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. முதல் இரண்டுக்கும் மதுரைக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவரின் கூலியும் சேர்ந்து போகும். கொலோனோஸ்கோபி என்றால் முதல் நாளே பேதி மருந்து குடித்து வயிற்றைக் கழுவ வேண்டும். மூன்றாவதுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. கையை நீட்டினால் போதும். ஆள் ஊரிலேயே இருக்க, குப்பி மட்டும் மதுரைக்கோ அதற்கு அப்பாலோ பயணம் போகும். ரத்தப் பரிசோதனையின் பெரிய பலம் இந்த எளிமை. அதன் பெரிய ஆபத்தும் இதே எளிமைதான் என்பது என் வாதம். சுலபமாக எடுக்க முடிகிற சோதனையை யோசிக்காமலும் எடுக்கலாம். ‘இந்த எண் கூடினால் என்ன செய்யப்போகிறோம், கூடாவிட்டால் எதை விட்டுவிடப்போகிறோம்’ என்பதை ஊசி குத்துவதற்கு முன்பே முடிவு செய்திருந்தால்தான் அந்தச் சோதனையால் நோயாளிக்குப் பயன். முடிவு செய்யாமல் எடுத்தால் அவருக்கு மிஞ்சுவது ஒரு தாளும் தூக்கம் கெட்ட சில இரவுகளும். அறுபது ஆண்டு ஆராய்ச்சி, அதிலும் கடந்த சில ஆண்டுகளில் வந்த முடிவுகள், இந்தப் பக்கமே சாய்கின்றன.

பழைய சோதனையிலிருந்து தொடங்குவோம். 1965இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றுத் திசுவில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். கருவில் வளரும் சிசுவின் குடலிலும் அது இருந்தது. வளர்ந்த மனிதரின் ஆரோக்கியமான குடலில் அந்த அளவுக்கு இல்லை. இன்று லேப் ரிப்போர்ட்டுகளில் சி.இ.ஏ. என்று மூன்றெழுத்தில் வருவது அதுதான். கண்டுபிடித்த காலத்தில் எதிர்பார்ப்பு வானளவு இருந்தது: ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றை முளையிலேயே கண்டுவிடலாம் என்று நம்பினார்கள். அது நடக்கவில்லை. தொடக்க நிலைக் கட்டிகள் பலவும் இந்தப் புரதத்தை ரத்தத்தில் போதிய அளவு கலக்கவிடுவதில்லை. மறுபுறம், பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். கல்லீரல் கெட்டிருந்தாலும், குடலில் அழற்சி இருந்தாலும் ஏறும். பல லேப்கள் ரிப்போர்ட்டிலேயே புகைப்பவருக்கு ஒரு வரம்பும் புகைக்காதவருக்கு ஒரு வரம்பும் என்று இரண்டு வரிகள் அச்சிடுவது இதனால்தான். ஆகவே யாருக்குப் புற்று இருக்கிறது என்று சலித்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் தெளிவாகவே சொல்கின்றன. ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ்களில் மட்டும் அது இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேள்வி இல்லாமல் எடுக்கும் ரத்தத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சி.இ.ஏ. தனக்கான இடத்தைக் கண்டது அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான். ஆபரேஷனுக்கு முன் கூடியிருந்த எண், கட்டியை முழுதாக எடுத்தால் சில வாரங்களில் இறங்கிவிடும். அந்தப் புரதத்தில் பாதி ரத்தத்திலிருந்து மறையச் சில நாட்களே ஆகும். இறங்காவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். இறங்கியது மறுபடி ஏறினால் நோய் திரும்பியிருக்கலாம். அதனால்தான் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஐந்தாம் ஆண்டு முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறார்கள். இதைப் படிப்பதில் ஒரு நெளிவு சுளிவு உண்டு. ஒரு தனி எண்ணுக்கு அர்த்தம் குறைவு. அடுத்தடுத்து வரும் எண்களின் போக்குதான் பேசும். போக்கு தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஒரே லேப், ஒரே வகைக் கருவி வேண்டும். வாடிப்பட்டியில் ஒருமுறை, மதுரையில் ஒருமுறை, மகளைப் பார்க்கப் போன இடத்தில் ஒருமுறை என்று எடுத்தால், 3.1, 4.6, 3.8 என்று வரும் ஏற்ற இறக்கம் உடம்பினுடையதா கருவியினுடையதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில், குறிப்பாக ஆக்ஸாலிபிளாட்டின் மருந்து ஏறும்போது, நோய் தணிந்துகொண்டிருக்கும் சிலருக்கே சி.இ.ஏ. தற்காலிகமாக எகிறும். அந்த நேரத்துத் தாளைப் பார்த்துப் பதறி மருந்தை மாற்றுவது தவறாகப் போய்விடும்.

சரி, இந்த எண் எவ்வளவு நம்பத் தகுந்தது? 2015இல் காக்ரேன் அமைப்பு 52 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டது. 5 என்ற வரம்பை வைத்துக்கொண்டால், நோய் திரும்பியவர்களில் 71 சதவீதம் பேரைச் சோதனை பிடிக்கிறது. திரும்பாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நூறு பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் அன்றைய தேதியில் ஐந்து பேருக்கு நோய் திரும்பியிருப்பதாக வைப்போம். அந்த ஐவரில் மூன்று அல்லது நான்கு பேர் மாட்டுவார்கள். நோயில்லாத 95 பேரில் 11 பேரும் சேர்ந்து மாட்டுவார்கள். ஆக, எண் கூடியிருக்கிறது என்று சொல்லப்படும் பதினைந்து பேரில் நான்கில் மூன்று பங்கினருக்கு நோயே இல்லை. வரம்பை 10 ஆக உயர்த்தினால் பிடிபடுவது 68 சதவீதமாகச் சற்றே குறைகிறது. வீணாக மாட்டுகிறவர்களோ மூன்று பேராகச் சுருங்கிவிடுகிறார்கள். ஒரே ரத்தம், ஒரே புரதம். எங்கே கோடு கிழிக்கிறோம் என்பதை வைத்துப் பதினோரு குடும்பங்கள் நிம்மதி இழப்பது மூன்று குடும்பங்கள் இழப்பதாகக் குறைந்துவிடுகிறது. கோட்டைக் கிழிப்பது நம் முடிவு. அதை முதலிலேயே கிழித்திருக்க வேண்டும். எண் வந்தபிறகு கிழித்தால் பயம்தான் கிழிக்கும்.

முன்கூட்டியே தெரிந்தால் உயிர் பிழைப்பார்களா என்பது இதற்கு அடுத்த கேள்வி, உண்மையான கேள்வியும் அதுதான். பிரிட்டனில் 39 மருத்துவமனைகளில் 1202 பேரை வைத்து நடந்த ஃபேக்ஸ் ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. குறைந்தபட்சக் கண்காணிப்பில் இருந்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்கே, திரும்பி வந்த நோயைக் குணமாக்கும் நோக்கத்தோடு மறு ஆபரேஷன் செய்ய முடிந்தது. சி.இ.ஏ. தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களில் அது 6.7 சதவீதம், சி.டி. ஸ்கேன் குழுவில் 8 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்த குழுவில் 6.6, அதாவது சேர்த்துச் செய்ததால் கூடுதல் லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தபோது குழுக்களுக்கிடையே நம்பத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2018இல் வந்த கோலோஃபால் ஆய்வு இன்னும் பெரியது: ஸ்வீடன், டென்மார்க், உருகுவே நாடுகளில் 2509 பேர். அடிக்கடி சோதித்த குழுவில் ஐந்தாண்டுகளில் 13 சதவீதம் பேரும், அரிதாகச் சோதித்த குழுவில் 14.1 சதவீதம் பேரும் இறந்தார்கள். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை.

அப்படியென்றால் எதற்காக எடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஃபேக்ஸின் எண்களுக்குள்ளேயே இதற்கு விடை இருக்கிறது. குடல் புற்று மற்ற பல புற்றுகளைப் போலில்லை. கல்லீரலிலோ நுரையீரலிலோ ஓரிரு இடங்களில் மட்டும் பரவியிருந்தால் அதையும் வெட்டியெடுத்துச் சிலரை முழுதாகக் குணப்படுத்த முடியும். கல்லீரல் பகுதியை இப்படி எடுத்த, கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளில் பத்தில் நான்கு பேர் அளவில் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். இரண்டாவது பெரிய ஆபரேஷனைத் தாங்கும் உடம்பு உள்ளவருக்கு, அதைச் செய்யக்கூடிய மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால், சி.இ.ஏ. ஒரு வாய்ப்பைத் திறந்துவைக்கிறது. எண்பது வயது, பலவீனமான இதயம், ‘இனி கத்தி வைக்க வேண்டாம்’ என்று நோயாளியே தீர்மானித்துவிட்டார் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அதே சோதனை அவருடைய மிச்ச நாட்களில் கவலையைத்தான் கூட்டும். அவருக்கு அதை நிறுத்திவிடலாம். கைவிட்டுவிட்டார்கள் என்று உறவினர் நினைப்பார்கள். அப்படியல்ல என்று உட்கார்ந்து விளக்கும் பொறுப்பு டாக்டருடையது.

இனி புதிய சோதனைக்கு வருவோம். செல்லுக்குள் அடைபட்டிராமல் ரத்தத்தில் தனியாக மிதக்கும் டி.என்.ஏ. துண்டுகளை 1948லேயே பிரான்சில் மண்டேலும் மெத்தேயும் பதிவு செய்துவிட்டார்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவமே 1953இல்தான் தெரிய வந்தது. ஆகவே அவர்கள் கண்டதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததில் வியப்பில்லை. நம் உடம்பில் சாகும் ஒவ்வொரு செல்லும் தன் டி.என்.ஏ.வைச் சிதறவிடுகிறது, புற்றுச் செல்லும் அப்படித்தான். அதன் துண்டுகளில் அந்தக் கட்டிக்கே உரிய எழுத்துப்பிழைகள் இருக்கும். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தால், ஸ்கேனில் தெரியாத அளவு சிறிய மிச்சமும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வயலில் கோரையைப் பிடுங்கிப்போட்டபின் தரை சுத்தமாகத்தான் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தத் துண்டுகளின் ஆயுள் மிகக் குறைவு. பாதி மறைவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம். அதனால் சி.இ.ஏ.யைப் போலச் சென்ற வாரத்துக் கதையைச் சொல்லாமல், இன்றைய நிலவரத்தைச் சொல்கிறது.

இங்கே கைவேலை முக்கியம். சாதாரண ரத்தக் குப்பியில் எடுத்துச் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால், குப்பிக்குள்ளேயே வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டி.என்.ஏ.வைக் கொட்டிவிடும். ஆயிரக்கணக்கான துண்டுகளில் ஒன்றிரண்டைத் தேடும் வேலையில் இது வைக்கோல் போரை இன்னும் பெரிதாக்குவதற்குச் சமம். செல்கள் உடையாமல் காக்கும் சிறப்புக் குப்பிகள் உண்டு. அவற்றில் அறை வெப்பநிலையிலேயே பல நாட்கள் தாங்கும். சித்திரை வெயிலில் மதுரைப் பக்கத்து அறை வெப்பநிலை எவ்வளவு என்று அந்தக் குப்பி தயாரித்தவர்கள் யோசித்திருப்பார்களா என்று கேட்கத் தோன்றும். குப்பியை வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் விட்டுவிடாமல் அனுப்புவது லேப்காரர் கையில் இருக்கிறது. இன்னொன்று, கட்டியின் எழுத்துப்பிழைகளை முதலில் கட்டியிலிருந்தே படித்துவிட்டுப் பிறகு ரத்தத்தில் தேடும் முறைதான் கூடுதல் நுட்பமானது. அதற்கு ஆபரேஷனில் எடுத்த திசுவை மெழுகில் பதித்த ‘பிளாக்’ வேண்டும். ஆபரேஷன் ஓரிடத்தில், கீமோ வேறிடத்தில் என்று அலையும் நோயாளிகள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்; பிளாக் எங்கே இருக்கிறதென்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆபரேஷன் முடிந்த உடனேயும் ரத்தம் எடுக்க முடியாது. காயம்பட்ட திசுக்கள் சில வாரங்களுக்கு டி.என்.ஏ.வை ஏராளமாகச் சிந்திக்கொண்டிருக்கும். அதனால் நான்காம் வாரம் வரை காத்திருக்கிறார்கள்.

இந்தச் சோதனையை ஒரு முடிவோடு கட்டிப்போட்டுப் பார்த்த ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. ஜீன் டை தலைமையிலான டயனமிக் ஆய்வில், இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுக்கு ஆபரேஷன் ஆன 455 பேரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நிலை என்றால் கட்டி குடல் சுவரை ஊடுருவியிருக்கும், நெறிக்கட்டிகளுக்குப் போயிருக்காது. இவர்களில் பெரும்பாலோர் ஆபரேஷனோடேயே குணமாகிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் நோய் திரும்புகிறது. யாருக்கு என்று தெரியாததால் பலருக்கும் கீமோ போகிறது. ஆய்வில் ஒரு குழுவுக்கு வழக்கமான முறைப்படி டாக்டர் முடிவெடுத்தார். மற்ற குழுவுக்கு நான்காம் வாரமும் ஏழாம் வாரமும் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றிலாவது கட்டியின் டி.என்.ஏ. இருந்தால் கீமோ, இரண்டிலும் இல்லாவிட்டால் கீமோ இல்லை. விதி முன்பே எழுதப்பட்டிருந்தது. 2022இல் வந்த முடிவு: வழக்கமான குழுவில் 28 சதவீதம் பேர் கீமோ எடுத்தார்கள், ரத்தப் பரிசோதனைக் குழுவில் 15 சதவீதம் பேர்தான். இரண்டாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 92.4 சதவீதமும் 93.5 சதவீதமும். கீமோ எடுப்பவர்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தும் நஷ்டமில்லை. 2025இல் வந்த ஐந்தாண்டுக் கணக்கும் இதையே சொல்கிறது.

கீமோவைத் தவிர்ப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. அகத்திமேல் கொடியை ஏற்றிக் கட்டுவதும், காம்பு கசங்காமல் இலை கிள்ளுவதும், கவுளி அடுக்குவதும் விரல்நுனி உணர்வை நம்பிய வேலைகள். ஆக்ஸாலிபிளாட்டின் அந்த நரம்புகளைத்தான் பதம்பார்க்கிறது. விரல்கள் மரத்துப்போவது பலருக்குச் சில மாதங்களில் சரியாகும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். மேசை வேலை செய்கிறவருக்குத் தொந்தரவாக இருப்பது கொடிக்காலில் வேலை செய்கிறவருக்குப் பிழைப்பையே எடுத்துவிடும். இரண்டாம் நிலையில் எல்லாருக்கும் இந்த மருந்து கொடுப்பதில்லை, மாத்திரையாகக் கிடைக்கும் கீமோவே போதும் என்பதும் உண்டு. ஆனாலும் தேவையில்லாத ஒரு சிகிச்சையைத் தள்ளுபடி செய்ய உதவும் சோதனை, புதிய சிகிச்சை ஒன்றைச் சேர்க்கும் சோதனைக்குக் குறைந்ததல்ல.

நெகட்டிவ் வந்தபோது டயனமிக் இப்படி வென்றது. பாசிட்டிவ் வரும்போது கதை மங்குகிறது. ரத்தத்தில் டி.என்.ஏ. இருப்பவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம் என்பதில் இப்போது சந்தேகமில்லை. ஜப்பானில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த கேலக்ஸி ஆய்வு அதை அழுத்தமாகக் காட்டியது. ஆனால் ஆபத்தைச் சொல்வது வேறு, ஆபத்தை மாற்றுவது வேறு. ஜப்பானிலேயே நடந்த ஆல்டேர் ஆய்வில், ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் ரத்தத்தில் மட்டும் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு ஒரு மாத்திரைக் கீமோவையும் போலி மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். நம்பத்தக்க வேறுபாடு நிறுவப்படவில்லை. அமெரிக்காவின் கோப்ரா ஆய்வு பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. நெறிக்கட்டிகளுக்கும் போய்விட்ட மூன்றாம் நிலை நோயாளிகளிடம் நடந்த டயனமிக்-3 ஆய்வில், பாசிட்டிவ் வந்தவர்களுக்குக் கீமோவைத் தீவிரமாக்கியும் நோய் திரும்புவது குறையவில்லை. நெகட்டிவ் வந்தவர்களுக்குக் கீமோவைக் குறைப்பது வழக்கமான சிகிச்சைக்கு ஈடானது என்பதும் உறுதியாகவில்லை. இரண்டாம் நிலையில் கிடைத்த வெற்றியை அப்படியே தூக்கி மூன்றாம் நிலையில் வைக்க முடியாது என்பது இதில் அடங்கியிருக்கிறது.

‘இருந்தாலும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே’ என்பார்கள். நோய் திரும்புவதை ஸ்கேனைவிடப் பல மாதங்கள் முன்பே இந்தச் சோதனை சொல்கிறது என்பது உண்மைதான், விளம்பரங்களில் பெரிதாக வருவதும் இதுதான். ஆனால் நோய் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருவரை வெல்லப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தடுக்கும் மருந்து இன்னும் கையில் இல்லை என்றால், எட்டு மாதம் முன்பே தெரிவதால் அந்த நாள் தள்ளிப்போவதில்லை. நோயோடு தெரிந்தே வாழும் காலம் மட்டும் எட்டு மாதம் நீள்கிறது. கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணினால் அவர் நீண்ட காலம் வாழ்ந்தது போலத் தெரியும். பிறந்த நாளிலிருந்து எண்ணினால் ஒரு நாள்கூடக் கூடியிருக்காது. தன் நிலை தெரிந்து, மகள் கல்யாணத்தையோ நிலப் பத்திரத்தையோ முடித்துவைக்க விரும்புகிறவர்களும் உண்டு. அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அவர் கேட்டு எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழக்கமாக எடுக்கும் ரத்தத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழக் கூடாது.

இந்திய நோயாளிகள் விஷயத்தில் கூடுதலாக ஒரு தயக்கம் வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 70 ஆயிரம் பேருக்குப் புதிதாகக் குடல் புற்று வருவதாக 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீடு சொல்கிறது. மக்கள்தொகைக்கு இது குறைவுதான். ஆனால் வருகிறவர்கள் இளையவர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 800 நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டதில் சராசரி வயது 47. மேலைநாடுகளில் அரிதாகவே காணப்படும் முத்திரை மோதிரச் செல் வகைப் புற்று இங்கே 13 சதவீதம் பேருக்கு இருந்தது. இந்த வகை, வயிற்றின் உட்சவ்வில் பரவும் குணம் கொண்டது. உட்சவ்விலும் நுரையீரலிலும் பரவும் நோய் ரத்தத்தில் டி.என்.ஏ.வை அதிகம் சிந்துவதில்லை. கல்லீரலில் பரவுவதுதான் தாராளமாகச் சிந்தும். ஆகவே ஆஸ்திரேலியாவில் ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் பெரும்பாலும் நிரூபணமான ஒரு ‘நெகட்டிவ்’, மதுரையில் முப்பத்தெட்டு வயதில் முத்திரை மோதிரச் செல் புற்றுக்கு ஆபரேஷன் ஆனவருக்கு அதே பொருளைத் தராது. அவருக்கு ரத்தம் சுத்தம் என்று சொல்லி ஸ்கேனைத் தள்ளிப்போடுவது ஆபத்து. டயனமிக்கிலேயே, குடலின் வெளிப்புறம் வரை துளைத்துவிட்ட கட்டிகள் நெகட்டிவ் வந்தபின்னும் மற்றவற்றைவிட அதிகமாகத் திரும்பின.

ரத்தம் தயக்கமில்லாமல் ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு. அங்கே முடிவு தானாகவே சோதனையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரவிய குடல் புற்றுக்குக் கொடுக்கும் செட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகள், ராஸ் மரபணு மாறியிருந்தால் வேலை செய்யாது. மருந்து சில மாதம் வேலை செய்து நின்றுபோனால், எதிர்த்து நிற்கும் மாற்றம் முளைத்துவிட்டதா, மருந்தை நிறுத்தியபின் அது மங்கிவிட்டதா என்று மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். அதற்காகக் கல்லீரலில் ஒவ்வொரு முறையும் ஊசி செருகிப் பயாப்ஸி எடுப்பது யாருக்கும் முடியாத காரியம். இத்தாலியின் க்ரோனோஸ் ஆய்வு 2022இல் இதை ரத்தத்தில் பார்த்தது. பரிசோதித்த 52 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு எதிர்ப்பு மாற்றங்கள் இருந்தன. அவர்களுக்கு வீண் மருந்து மிச்சம். மாற்றம் இல்லாத 27 பேருக்கு மருந்தை மறுபடி கொடுத்ததில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது. சிறிய ஆய்வுதான். ஆனால் பதில் ஆம் என்றால் இந்த மருந்து, இல்லை என்றால் வேறு மருந்து என்று வழி பிரிவதால் இங்கே ஒரு குப்பி ரத்தம்கூட வீணாகவில்லை. கீமோவுக்கு முன் டி.பி.ஒய்.டி. மரபணுவைப் பார்ப்பதும் இதே வகை. அதில் கோளாறு உள்ள சிலருக்கு வழக்கமான அளவு ஃப்ளூரோயுராசிலோ கேபசிட்டபினோ உயிருக்கே உலை வைக்கும். ஐரோப்பிய மருந்து முகமை 2020இலேயே சிகிச்சைக்கு முன் இதைச் சோதிக்கப் பரிந்துரைத்துவிட்டது.

இத்தனையும் சொன்னபின் கடுமையான ஒரு ஆட்சேபணை மிச்சமிருக்கிறது: ஏழைக்குச் சி.இ.ஏ., பணக்காரருக்கு டி.என்.ஏ. என்று நீங்கள் நியாயப்படுத்துகிறீர்கள். முன்னதுக்குச் சில நூறு ரூபாய், பின்னதுக்குப் பல பத்தாயிரங்கள் என்பதால் இந்தச் சந்தேகம் எழுவது இயல்பு. என் பதில் வேறு திசையில் போகிறது. பணம் இருப்பவர் கேள்வி இல்லாமல் டி.என்.ஏ. சோதனையை ஆண்டுக்கு நான்கு முறை எடுப்பதும் வீண். பணமில்லாதவருக்கு இரண்டாம் நிலைப் புற்றுக்கான ஆபரேஷனுக்குப் பின் அந்த இரண்டு தடவைகூட அது கிடைக்காமல் போவதும் அநியாயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் போன்ற ஒன்று இந்தச் சோதனைக்கு எப்போதாவது பணம் தருவதானால், ‘குடல் புற்று நோயாளிகளுக்கு’ என்று பொத்தாம்பொதுவாகத் தரக்கூடாது. இரண்டாம் நிலை, பெருங்குடல், நான்காம் வாரம் முதல் ஏழாம் வாரத்துக்குள், நெகட்டிவ் என்றால் கீமோ இல்லை என்று டாக்டரும் நோயாளியும் முன்பே கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். கீமோவைத் தவிர்ப்பதால் மிச்சமாகும் செலவில் ஒரு பகுதி அதற்கே ஈடாகலாம். எவ்வளவு என்பதை இங்குள்ள விலைகளை வைத்து யாராவது கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும், ஆஸ்திரேலியாவின் கணக்கு உதவாது.

அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியது சி.இ.ஏ.யை ஒழுங்காகச் செய்வது. சோழவந்தானில் ஒருவரின் எண் 4லிருந்து 9 ஆகியிருக்கிறது என்றால், அந்தத் தாள் இன்று அவருடைய பையில் அடுத்த ரிவ்யூ தேதி வரை கிடக்கிறது. அவருக்கு அதைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். தடித்த எழுத்தில் அச்சாகியிருப்பது மட்டும் தெரியும். ரத்தம் ஊர் மருத்துவமனையில் எடுக்கட்டும். எண் நோயாளிக்குப் போவதற்கு முன்பே ஆபரேஷன் செய்த பிரிவின் ஒரு நர்ஸுக்கோ பயிற்சி டாக்டருக்கோ போகட்டும். அவர் கையில் மூன்றே வரி விதி இருந்தால் போதும்: வரம்புக்குள் இருந்தால் அடுத்த தேதி, கூடியிருந்தால் நான்கு வாரத்தில் அதே லேப்பில் மறுபடி, இரண்டாம் முறையும் ஏறியிருந்தால் போன் போட்டு வரவழைத்து இரண்டு வாரத்துக்குள் சி.டி. இந்த ஏற்பாட்டுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். வேண்டியது ஒரு பதிவேடு, ஒரு தொலைபேசி, அந்தப் போனைப் போடுவது தன் வேலை என்று ஒப்புக்கொள்ளும் ஒருவர்.